ஃபோனே ரிமோட்: பள்ளத்தூர் வீட்டில் கேடிஇ கனெக்ட், புளூடூத், விஎல்சி

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கணினியை ஃபோனால் இயக்க வேண்டுமென்றால் கேடிஇ கனெக்ட் போடுங்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆனால் எந்தச் செயலி என்பது இதில் கால்வாசிதான். ஃபோனும் கணினியும் எந்த வைஃபையில் சேர்கின்றன என்பதுதான் மீதி முக்கால்வாசி. செட்டிநாட்டு வீடுகளில் அது முழுசுமே என்றுகூடச் சொல்லலாம்.

நான் பள்ளத்தூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். குடியிருப்பது ஒரு நகரத்தார் வீட்டின் இரண்டாம் கட்டில். அந்தக் காலத்தில் கல்யாணம் காட்சி என்றால் வரிசையாக இலை போட்ட கூடம் அது. இப்போது அங்கே ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்துப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். சுவரோரம் மேசை, அதில் 43 அங்குல டிவி, பக்கத்தில் ஹெச்டிஎம்ஐ கேபிளில் என் மடிக்கணினி. வீட்டுக்காரர்களில் ஆச்சி மட்டும் முன்கட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரில்.

ரிமோட் எதற்கு என்று கேட்பீர்கள். கரிம வேதியியலில் மூலக்கூறைத் திருப்பிக் காட்டாமல் பாடம் நடத்துவது கஷ்டம். ஒரு கார்பனில் நான்கு வேறு வேறு தொகுதிகள் இருந்தால் அதுவும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது என்று கரும்பலகையில் எத்தனை படம் போட்டாலும் பாதிப் பேர் முழிப்பார்கள். திரையில் முப்பரிமாணத்தில் சுழற்றினால் உடனே விளங்கிவிடும். ஆனால் சுழற்றுவதற்கு நான் மடிக்கணினிப் பக்கம் குனிந்து நிற்க வேண்டும். குனிந்தால் கடைசி வரிசை என் கையில் இல்லை. எனக்குப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு பாடம் நடத்த வேண்டும், அவ்வளவுதான் தேவை.

முதலில் போட்டது பிளே ஸ்டோரில் தேடியவுடன் மேலே வந்த ஒரு செயலி. பெயர் வேண்டாம். கணினியில் அதன் துணை நிரலை நிறுவினேன், ஃபோன் தானாகவே கணினியைக் கண்டுபிடித்தது, அம்புக்குறி நகர்ந்தது. ஆகா என்று இருந்தது. நடுநடுவே வரும் விளம்பரத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் பாடத்துக்கு நடுவில் அம்புக்குறி என்னைக் கேட்காமல் தானாக ஓடி யூடியூபைத் திறந்தது. கடைசி வரிசையில் ஒருவன் தலையைக் குனிந்து சிரிக்கிறான். அந்தச் செயலி கடவுச்சொல் எதுவும் கேட்பதே இல்லை; அதே வைஃபையில் இருக்கிற யார் அதை இறக்கினாலும் கணினி அவர்கள் கைக்குப் போய்விடும். பையன் செய்தது குறும்பு. ஆனால் கணினியில் எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்கிற ஒரு வாசலை இப்படித் திறந்து போட்டுக் கொடுத்தவர்களை என்ன சொல்வது? அன்றைக்கே நீக்கினேன். (அந்தப் பையன்தான் இப்போது என் ஆஸ்தான டெக்னீஷியன். கேடிஇ கனெக்டைச் சொன்னதே அவன்தான்.)

கேடிஇ என்பது 1996-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஒரு கட்டற்ற மென்பொருள் குழு. லினக்ஸ் கணினிகளுக்குத் திரை, சாளரம், மெனு எல்லாம் செய்து கொடுப்பவர்கள். கேடிஇ கனெக்ட் 2013-இல் கூகுளின் கோடைக்காலத் திட்டத்தில் ஒரு மாணவர் எழுதத் தொடங்கியது. லினக்ஸுக்காகப் பிறந்தாலும் இன்றைக்கு விண்டோஸிலும் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கும். ஃபோனுக்குப் பிளே ஸ்டோரில் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், ஜோடி சேர்க்கும் முறை. ஃபோனிலிருந்து கேட்டால் கணினியில் ஒரு அறிவிப்பு வரும். அங்கே சரி என்று ஒருவர் அழுத்தினால்தான் சேரும். இரண்டு பக்கமும் ஒரே குறியீட்டு எண் தெரிகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நடக்கிற பேச்சு எல்லாம் மறைகுறியாக்கப்பட்டது. கடைசி வரிசைக்காரன் எத்தனை தடவை கேட்டாலும் நான் சரி சொல்லாமல் உள்ளே வர முடியாது.

ஃபோன் திரை முழுக்க ஒரு டச்பேடாகிவிடும். ஒரு விரலால் தேய்த்தால் அம்புக்குறி நகரும், தட்டினால் இடது கிளிக், இரண்டு விரலால் தட்டினால் வலது கிளிக், இரண்டு விரலால் இழுத்தால் பக்கம் உருளும். அழுத்திப் பிடித்து இழுத்தால் பொருளையே இழுக்கலாம். மூலக்கூறைச் சுழற்றுவது இப்படித்தான். கை பழக ஒரு வகுப்பு போதும். கீபோர்டு படத்தைத் தட்டினால் ஃபோனில் அடிப்பது கணினியில் விழும்.

ஸ்லைடு மாற்றுவதற்குத் தனிப் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே இருக்கும்போது ஃபோனின் ஒலிப் பொத்தான்களே முன், பின் பொத்தான்களாக வேலை செய்யும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் பாடம் நடத்துகிறவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். கண்ணாடித் திரையில் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தெரியாது. ஒலிப் பொத்தான் விரலுக்குத் தட்டுப்படும். பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஸ்லைடுக்குப் போகலாம்.

போட்டவுடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஃபோனுக்கு வரும் அறிவிப்புகளைக் கணினியில் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். கேடிஇ கனெக்ட் ரிமோட்டுக்காக மட்டும் செய்ததில்லை; கோப்பு அனுப்புவது, ஒரு பக்கம் காப்பி எடுத்ததை மறுபக்கம் ஒட்டுவது, ஃபோன் அறிவிப்பைக் கணினியில் பார்ப்பது என்று ஏகப்பட்டது இருக்கிறது. தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அறிவிப்பு வசதி அருமை. முப்பது பிள்ளைகள் பார்க்கும் டிவியில் நாத்தனாரின் வாட்ஸ்அப் செய்தி வந்து நிற்பது அருமை இல்லை. ஒவ்வொரு வசதிக்கும் தனித்தனிச் சுவிட்ச் இருக்கிறது. நான் ரிமோட், ஸ்லைடு, கோப்பு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிட்டேன்.

இனி வைஃபை. எங்கள் வீட்டுச் சுவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர். மேலே முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு, இன்றைக்கும் கன்னம் வைத்தால் குளிரும். கதவு முழுத் தேக்கு. வளவின், அதாவது நடு முற்றத்தின், வானவெளிக்கு மேலே இரும்புக் கம்பி வலை. வெயிலுக்கும் திருடனுக்கும் எதிராகக் கட்டியவர்கள் வைஃபையையும் சேர்த்துத் தடுத்துவிட்டார்கள். ஃபைபர் கேபிள் முகப்பு வரைக்கும்தான் வருகிறது, ரவுட்டரும் அங்கேதான். உள்ளே இழுக்கலாமே என்றால், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது வாடகைக்கு விடும்போதே ஆச்சி போட்ட கண்டிஷன். நியாயம்தான், அந்தப் பூச்சில் ஓட்டை விழுந்தால் திரும்ப அடைக்க ஆள் கிடைப்பதில்லை.

ரவுட்டரில் இரண்டு அலைவரிசை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் துளைப்பதில் சோப்ளாங்கி. 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இரண்டாம் கட்டில் 5 வரவே வராது, 2.4 ஒரு கோடு காட்டும். அந்த ஒரு கோட்டில் யூடியூப் பார்க்க முடிகிறது, ரிமோட் மட்டும் ஏன் திணறுகிறது என்று முதலில் புரியவில்லை. காரணம் எளிது. வீடியோ முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளும், நடுவில் வைஃபை தடுமாறினாலும் நமக்குத் தெரியாது. விரல் நகர்வதை முன்கூட்டி இறக்கி வைக்க முடியாதே. அந்த நொடியில் போக வேண்டியது அந்த நொடியில் போக வேண்டும். ஃபோனில் தேய்த்ததை ரவுட்டர் வாங்கி மடிக்கணினிக்குக் கொடுக்க வேண்டும்; இரண்டும் ஒரே கூடத்தில் பத்தடி தூரத்தில் இருந்தாலும் சேதி முகப்பு வரைக்கும் போய்த்தான் திரும்பி வருகிறது. போக இரண்டு சுவர், வர இரண்டு சுவர்.

அதனால் முகப்பு ரவுட்டரை விட்டுவிட்டேன். என் ஃபோனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மேசை மேல் வைத்துவிடுகிறேன். மடிக்கணினி அதில் சேரும். ரிமோட்டாகப் பயன்படுத்துவது வேறொரு பழைய ஃபோன், ஓரம் விரிசல் விட்டது, சிம் கிடையாது. அதுவும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேரும். சுவரே குறுக்கே இல்லை. அம்புக்குறி விரலோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டே ஹாட்ஸ்பாட்டை ஓட்டலாம், ஆக டேட்டாவும் செலவாகாது. இணையம் இருக்காதுதான், பாடத்துக்கு வேண்டியதை முன்னாலேயே இறக்கி வைத்திருக்கிறேன். டேட்டாவோடு ஓட்டுகிறவர்கள் விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அப்டேட் என்ற பெயரில் அன்றைய டேட்டாவை முழுங்கிவிடும்.

இதில் எதிர்பார்க்காத லாபம் ஒன்று. மாலையில் கரண்டு போனால் கூடத்து மின்விசிறியும் டிவியும் இன்வெர்ட்டரில் ஓடும், முகப்பு ரவுட்டர் அந்த லைனில் இல்லை. முன்பெல்லாம் ரவுட்டரோடு ரிமோட்டும் படுத்துவிடும். இப்போது யாருக்கும் தெரிவதில்லை.

புது வைஃபையில் சேரும்போது விண்டோஸ் அதைப் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொள்ளும். ஃபயர்வால் கதவைச் சாத்திவிடும், ஃபோனும் கணினியும் ஒன்றையொன்று பார்க்காது. பத்தில் ஒன்பது பேர் செயலி வேலை செய்யவில்லை என்று சொல்வது இங்கேதான் என்பது என் சந்தேகம். வைஃபை அமைப்பில் போய் ‘பிரைவேட்’ என்று மாற்றினால் தீர்ந்தது. ஃபயர்வாலைத் தனியாகத் திறக்க வேண்டியவர்களுக்கு: கேடிஇ கனெக்ட் பேசும் வாசல்கள் (போர்ட்) 1714 முதல் 1764 வரை, டிசிபி, யுடிபி இரண்டும். அப்படியும் தெரியவில்லை என்றால் கணினியின் ஐபி எண்ணை (அந்த வைஃபையில் அதன் முகவரி) ஃபோனில் நேராக அடித்துச் சேர்க்கலாம். விடுதிகளில் விருந்தினருக்குத் தரும் வைஃபையில் மட்டும் இந்தப் பாச்சா பலிக்காது. ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி அங்கே பெரும்பாலும் தடுத்து வைத்திருப்பார்கள். பாதுகாப்புக்காகத்தான், குறை சொல்ல முடியாது.

பழைய ஃபோனைத் தனியாக ஒதுக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூலக்கூறைப் பிள்ளைகளே சுழற்றிப் பார்க்கட்டும் என்று ரிமோட்டை அவர்கள் கையில் கொடுக்கிறேன். பாயில் கைமாறிக் கைமாறிப் போகும். என் சொந்த ஃபோனை, வங்கிச் செயலியும் வீட்டுப் படங்களும் இருக்கிறதை, அப்படிக் கொடுக்க மனசு வராது. யார் வீட்டு மேசை இழுப்பறையிலும் ஒரு பழைய ஃபோன் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், உப்பியிருந்தால் வேண்டாம். திரை முப்பது நொடியில் அணைந்து போகாதபடி நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

அடுத்து புளூடூத். காரைக்குடியில் ஒரு பள்ளியில் மின்வேதியியல் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 1953-இல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) இருக்கிற ஊரில் மின்வேதியியல் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், அது வேறு கதை. அவர்கள் கணினியில் வெளியாள் எதையும் நிறுவக்கூடாது. அங்கே கேடிஇ கனெக்ட் உதவாது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், ஃபோன் தன்னை ஒரு புளூடூத் கீபோர்டாகவும் மவுஸாகவும் காட்டிக்கொள்ள முடியும். அதற்கென்று செயலிகள் பிளே ஸ்டோரில் இருக்கின்றன. கணினியில் ஒன்றும் போட வேண்டாம். கடையில் வாங்கிய புளூடூத் மவுஸைச் சேர்ப்பதுபோலச் சேர்த்தால் முடிந்தது. வைஃபையும் தேவையில்லை. சில ஃபோன் தயாரிப்பாளர்கள் இந்த வசதியை எடுத்துவிட்டே விற்கிறார்கள், அதனால் போகிற இடத்தில் முயற்சி செய்யாமல் வீட்டிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தூரமும் ஒரு கூடத்துக்குள்தான்.

இதெல்லாம் புதுசு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 2005-இல் வந்த சோனி எரிக்சன் கே750ஐ ஃபோனிலேயே புளூடூத் ரிமோட் இருந்தது. என் அண்ணன் ஒன்று வைத்திருந்தான். நடுவில் இருந்த குட்டி ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் கணினியில் அம்புக்குறி நகரும். அந்த வசதி ஆண்ட்ராய்டுக்குத் திரும்பி வர இத்தனை வருஷம் பிடித்தது.

ஆச்சி ஒருநாள் கதவோரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: “என்ன டீச்சர், அங்கிட்டு நின்னு போனைத் தடவுறீங்க, இங்கிட்டு படம் மாறுது? எனக்கும் இதப் போட்டுக் குடுங்களேன்.” ஆச்சிக்கு முழங்கால் வலி. வளவில் டிவியோடு பேரனின் பழைய கணினி ஒன்றை மாட்டி வைத்து, பென் டிரைவில் இருக்கும் சொற்பொழிவுகளை விஎல்சி என்ற பிளேயரில் போட்டுக் கேட்கிறார்கள். நிறுத்த வேண்டும் என்றால் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும்.

ஆச்சிக்கு கேடிஇ கனெக்ட் போடவில்லை. டச்பேடு அவர்களுக்கு வேண்டாத வேலை. விஎல்சிக்குள்ளேயே ஒரு வலைப்பக்கம் ஒளிந்திருக்கிறது. அமைப்புகளில் ‘எல்லாம்’ என்பதைத் தேர்ந்து, முதன்மை இடைமுகங்களில் ‘வெப்’ என்பதைக் குறித்து, லுவா பிரிவில் ஒரு கடவுச்சொல் வைத்துவிட்டு விஎல்சியை மூடித் திறக்க வேண்டும். பிறகு ஃபோனின் பிரவுசரில் கணினியின் ஐபி எண்ணையும் 8080 என்ற வாசல் எண்ணையும் அடித்தால் ஓட்டு, நிறுத்து, ஒலி, அடுத்தது எல்லாம் பொத்தான்களாக வரும். பயனர் பெயரைக் காலியாக விட வேண்டும், கடவுச்சொல் மட்டும்தான். ஃபோனில் எதுவும் நிறுவ வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தை முகப்புத் திரையில் ஒரு ஐகானாக வைத்துக் கொடுத்தேன். கணினியின் ஐபி எண் நாளுக்கொன்றாக மாறாமல் இருக்க ரவுட்டரில் அதை நிலையாக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஐகான் ஒருநாள் சும்மா நிற்கும். வளவுக்கும் முகப்புக்கும் நடுவே திறந்த நிலைவாசல்தான், வைஃபை அங்கே தாராளம்.

ஆச்சிக்கு ஒரு பயமும் இருந்தது. “போன்ல கம்ப்யூட்டரத் தொறந்தா பேங்குப் பணம் போயிரும்னு அடுத்த வீட்டுல சொன்னாக.” சொன்னவர்கள் முழுசாகத் தப்பாகச் சொல்லவில்லை. அவர்கள் மனசில் இருப்பது எனிடெஸ்க் போன்ற செயலிகள். அவை திரையையே இணையம் வழியாக வெளியூர் ஆளுக்குக் காட்டுபவை. நல்ல வேலைக்குச் செய்ததுதான், ஆனால் மோசடிக்காரர்கள் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அதை நிறுவச் சொல்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2019-இல் எச்சரித்தது. ஆச்சியின் விஎல்சி பக்கம் வீட்டு வைஃபைக்குள் மட்டும் ஓடுகிறது, பாட்டை நிறுத்துவதைத் தவிர அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஃபோனில் பேசி எதையாவது இறக்கச் சொன்னால் என்னைக் கேட்காமல் இறக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

யூஎஸ்பி செருகியோடு வரும் கையடக்க ஸ்லைடு ரிமோட்டே வாங்கிவிடலாமே என்றால், ஸ்லைடு மட்டும் மாற்றுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது, செருகினால் ஓடும், சுவர் வைஃபை என்று எந்தத் தலைவலியும் இல்லை. சிவப்புச் சுட்டொளியும் சேர்ந்தே வரும், டிவித் திரையில் அது அவ்வளவாக எடுபடாது என்றாலும். எனக்கு மூலக்கூறு சுழல வேண்டும், படத்தைப் பெரிதாக்க வேண்டும், நடுவில் ஒரு சமன்பாட்டைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு அந்த நாலு பொத்தான் பத்தாது.

பாக்கி இருப்பது ஐபோன். கேடிஇ கனெக்ட் அதற்கு 2022-இல்தான் வந்தது. ஆண்ட்ராய்டில்போல அது பின்னணியில் ஓடாது, செயலியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். ரிமோட்டுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆச்சியின் மகன் விட்டுவிட்டுப் போன பழைய ஐபோன் ஒன்று பீரோவில் கிடக்கிறது. சார்ஜர் ஒயரைத்தான் காணோம். அடுத்த தடவை காரைக்குடிக்குப் போகும்போது வாங்கிவர வேண்டும்.